கல்லூரி செல்லும் விளையாட்டு மாணவரும் கைத்தொலைபேசியும்

ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் போலவே பந்தாட்டத் திடலும் பழமை வாய்ந்ததாகும். காலையில் வெட்டிய பாலை நண்பகலில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் அத்திடலில் இறங்கிக் காற்பந்து ஆடிய தந்தையரின் பிள்ளைகளே பின்னாளில் மாவட்டத்திற்கும் மாநிலத்திற்கும் ஆடினார்கள். குளுவாங், சிகாமட், லாபிஸ், கோத்தா திங்கி வட்டாரங்களில் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளிலும், பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பற்றி லயத்தில் பேசும் பேச்சில் அன்றிருந்த பெருமை குறையவில்லை.

அப்பெருமைக்கு இன்று ஒரு பயனும் சேர்ந்துள்ளது. அரசாங்க உயர்கல்விக்கூடங்களுக்கு யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்கும் மாணவரின் தகுதிப் புள்ளியைக் கணக்கிடும்போது, 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் ஒதுக்கப்படுகிறது. ஒரு புள்ளி, அரைப் புள்ளி வேறுபாட்டில் இடம் கிடைப்பதும் கைநழுவுவதும் உண்டாகையால், மாவட்ட அளவில் பெற்ற ஒரு பதக்கம் வெறும் அலங்காரம் அன்று. கோத்தா திங்கி மாவட்டத்துப் பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி, தங்காக்கில் உள்ள ஜொகூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி, ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் என நம் மாநிலத்திற்குள்ளேயே பிள்ளைகள் ஏறிச் செல்வதற்குரிய படிகள் அமைந்துள்ளன.

அப்படிகளில் ஏறும் பிள்ளை தன் சட்டைப் பையில் ஒரு பொருளையும் எடுத்துச் செல்கிறது. அதுவே கைத்தொலைபேசி. முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக், புலனம் எனப்படும் வாட்ஸ்அப் ஆகியவை அதற்குள் அடங்கியுள்ளன. இவற்றைக் குறித்து எல்லா மாணவர்க்கும் சொல்ல வேண்டியது உண்டெனினும், விளையாட்டு மாணவருக்குத் தனியே சொல்ல வேண்டியதும் உண்டு. வகுப்பறையில் மட்டும் அறியப்பட்ட மாணவன் எழுதுவதை அவன் நண்பர்கள் படிப்பார்கள். மாநில அணியின் சட்டையை அணிந்த மாணவன் எழுதுவதையோ எதிரணியினரும், தேர்வாளர்களும், அவன் இடத்திற்குக் காத்திருக்கும் மற்றொருவனும் படிப்பார்கள். இதனைப் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா என்பதே பெற்றோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

ஆசிரியர் இல்லாத செய்தித்தாள்

முன்னாளில் நிலைமை வேறாக இருந்தது. டாக்டர் மணி ஜெகதீசனை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிங்கப்பூரில் மருத்துவம் பயின்ற காலத்தில் ஓட்டக்காரராக விளங்கிய அவர், 1960-இல் ரோம், 1964-இல் தோக்கியோ, 1968-இல் மெக்சிகோ ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் ஓடினார். 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 x 100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். படிப்பும் ஓட்டமும் ஒருங்கே இயலும் என்பதற்கு நம் நாட்டில் அவரே முன்னோடி எனலாம்.

அவர் காலத்தில் ஒரு வீரர் சொன்ன சொல் மக்களை அடைய வேண்டுமானால், நிருபர் ஒருவர் அதனைக் கேட்டு எழுத வேண்டும்; ஆசிரியர் படித்துப் பார்த்துத் தக்கதென்று கருத வேண்டும்; அச்சகத்தார் அச்சுக் கோக்க வேண்டும். தோல்வியின் சினத்தில் உதிர்த்த சொல் இத்தனை கைகளைக் கடப்பதற்குள் ஆறிவிடும். இன்று பதினேழு வயது மாணவன் தானே நிருபர், தானே ஆசிரியர், தானே அச்சகத்தார். பேருந்தில் ஊர் திரும்புவதற்குள் அவன் செய்தித்தாள் வெளியாகிவிடுகிறது.

இதில் பிள்ளைகள் பெரிதும் ஏமாறுவது ‘இது தனிப்பட்டது’ என்னும் எண்ணத்தினால்தான். “நாங்கள் பத்துப் பேர் மட்டும்தானே அப்பா பார்க்கிறோம்” என்று மகன் சொல்லலாம். “ஒரு நாளில் தானே அழிந்துவிடும் அம்மா” என்று மகள் சொல்லலாம். இரண்டுமே பாதி உண்மைகள். பத்துப் பேரில் ஒருவர் திரையைப் படம் பிடித்தால் போதும். அதற்கு இரண்டு விரல்களும் ஒரு நொடியும் போதுமானவை. அப்படிப் பிடித்த படத்தை மூலப் பதிவை அழித்தவரால் அழிக்க இயலாது. பால்மரத்துப் பட்டையில் கத்தி ஆழமாக இறங்கிக் காயம் பட்டுவிட்டால், புதுப்பட்டை வளர்ந்த பின்னும் அவ்விடம் முண்டும் முடிச்சுமாகக் காட்டிக் கொடுக்கும் என்பதைத் தொழிலாளர் அனைவரும் அறிவர். இணையத்தில் எழுதி அழித்ததும் ஏறத்தாழ அத்தகையதே.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மகனோய் என்னும் சிற்றூர் உள்ளது. 2017-ஆம் ஆண்டு அவ்வூர்ப் பள்ளியில் முதலாண்டு மாணவி ஒருத்தி, ஆட்டத்தின்போது கூட்டத்தை உற்சாகமூட்டும் குழுவின் முதல் அணியில் இடம் கேட்டாள். இடம் கிடைக்கவில்லை. அந்நாட்டுப் பள்ளிகளில் அதுவும் ஒரு விளையாட்டாகவே நடத்தப்படுகிறது. வார இறுதியில் கடையொன்றில் தோழியோடு நின்றபோது, பள்ளியையும் குழுவையும் தகாத சொல்லால் ஏசி, ஒரு படத்தை ஸ்னாப்சாட் என்னும் செயலியில் போட்டாள். அச்செயலியில் இடும் படம் ஒரு நாளில் மறைந்துவிடும். அதனைக் காணக்கூடியவர்களும் அவளுடைய நண்பர்களாகிய சுமார் 250 பேரே. அந்நண்பர்களில் ஒருத்தி அதைப் படம் பிடித்தாள். அது பயிற்றுநரிடம் சென்றது. மாணவி ஓராண்டுக்குக் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள்.

பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2021 ஜூன் 23-ஆம் நாள், நீதிபதிகள் ஒன்பதின்மரில் எண்மர் மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தனர். பள்ளிக்கு வெளியே, பள்ளி நேரம் அல்லாதபோது சொன்ன சொல்லுக்காகப் பள்ளி அவ்வாறு தண்டித்திருக்கலாகாது என்பது தீர்ப்பு. ஆயினும் பதினான்கு வயதில் தொடங்கிய வழக்கு முடிந்தபோது அவள் பள்ளியை விட்டுக் கல்லூரிக்குச் சென்றுவிட்டிருந்தாள். ஒரு நாளில் மறைய வேண்டிய படம் நான்காண்டுகள் வாழ்ந்தது. இவ்வழக்கைப் படிக்கும் நம் பிள்ளைகள் ‘வென்றுவிட்டாளே’ என்று மகிழலாம்; அது அமெரிக்க அரசியல் சட்டத்தின்படி அளித்த தீர்ப்பு என்பதையும், நம் நாட்டுச் சட்டம் வேறு என்பதையும் சேர்த்தே சொல்லிவைப்பது நலம்.

மூடிய குழு என்பதும் மூடிய குழு அன்று. அதே 2017-ஆம் ஆண்டில், உலகப் புகழ் பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகம், அவ்வாண்டில் சேரவிருந்த மாணவர்களில் குறைந்தது பத்துப் பேருக்கு அளித்த இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முகநூலில் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட தனிக் குழுவில் இனங்களையும், வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகளையும் கேலி செய்யும் படங்களை அவர்கள் பரிமாறிக்கொண்டதே காரணம். இடம் கிடைத்துவிட்டது, இனி அச்சமில்லை என்ற மகிழ்ச்சியில் செய்த செயல் அது. சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பின்னும் கல்லூரிக் கதவு முழுதும் திறந்துவிடுவதில்லை.

பழைய பதிவுகளோ இன்னும் வேடிக்கையானவை. வேதனையானவை என்பதே பொருந்தும். இங்கிலாந்துக் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒல்லி ராபின்சன் 2021 ஜூன் 2-ஆம் நாள் லண்டன் லார்ட்ஸ் திடலில் நாட்டிற்காக முதன்முதலாகக் களமிறங்கினார். எந்த ஆட்டக்காரனும் கனவு காணும் நாள் அது. அந்நாளிலேயே, அவர் பதினெட்டு, பத்தொன்பது வயதில், 2012, 2013 ஆண்டுகளில் டுவிட்டரில் எழுதிய இனவெறிச் சொற்களும் பெண்களை இழிவுபடுத்தும் சொற்களும் வெளிப்பட்டன. அந்த ஆட்டத்தில் அவர் ஏழு விக்கெட்டுகள் எடுத்தார். எடுத்தும், ஆட்டம் முடிந்ததும் நாட்டு அணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். விசாரணையின் முடிவில் 3,200 பவுன் அபராதமும் எட்டு ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. தடையில் ஐந்து ஆட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டதால் ஆகஸ்டில் மீண்டும் ஆட முடிந்தது. எட்டு ஆண்டுகளாக யாரும் தேடவில்லை. தேடுவதற்குரிய ஆளாக அவர் உயர்ந்த நாளில்தான் தேடினார்கள்.

இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இன்று உன் பதிவை யாரும் பொருட்படுத்தவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது. நீ சுக்மா போட்டியில் பதக்கம் பெறும் நாளில், பல்கலைக்கழக அணிக்குத் தலைவனாகும் நாளில், யாரோ ஒருவர் பின்னோக்கிப் புரட்டத் தொடங்குவார்.

கிரேக்க நாட்டு மும்முறைத் தாண்டல் வீராங்கனை ஒருவர் நகைச்சுவை என்று எண்ணி ஆப்பிரிக்கர்களைக் கேலி செய்து ஒரு வரி எழுதினார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடங்க இரண்டு நாள் இருக்கையில், அவருடைய நாட்டுச் சங்கமே அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டது. அவர் பெயர் பாப்பாகிரிஸ்டு. அதோடு அவர் அழிந்துவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் பங்குபெற்று, 2018-இல் ஐரோப்பிய வெற்றியாளரானார். ஆனால் லண்டன் திரும்பக் கிடைக்கவில்லை.

பிறர் எறியும் கல்

இதுவரை கூறியவை பிள்ளைகள் தாமே எழுதுவதைப் பற்றியவை. பிறர் எழுதுவது வேறொரு துன்பம். நம்மவர்க்கு இது புதிதன்று.

சிரம்பானைச் சேர்ந்த பூப்பந்து வீராங்கனை எஸ். கிசோனா, 2019-ஆம் ஆண்டு பிலிப்பைன்சில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கத்தை நாட்டிற்குப் பெற்றுத் தந்தவர். 2021 அக்டோபரில் பின்லாந்தில் நடந்த சுதிர்மான் கிண்ண அரையிறுதியில், உலகின் முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவராகிய ஜப்பானின் அகானே யாமாகுச்சியிடம் தோல்வியுற்றார். அவ்வாட்டத்தையொட்டி, அரசியல் கட்சி ஒன்றின் வட்டாரப் பொறுப்பாளர், அவருடைய இனத்தை இழித்துரைக்கும் சொல்லை முகநூலில் எழுதினார். அச்சொல் எது என்பதைத் தோட்டப்புறத்து மக்களுக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை; தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சொல்தான். ஆனால் இம்முறை நடந்தது சற்று வேறு. எல்லா இனத்தவரும், எல்லாக் கட்சிகளிலும் உள்ளவர்களும் அதனைக் கண்டித்தார்கள். எழுதியவர் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிசோனா அச்சொல்லுக்கு அதே வகைச் சொல்லால் பதில் எழுதியிருந்தால், மறுநாள் பேச்சு முழுவதும் ‘இரு தரப்பும் ஏசிக்கொண்டன’ என்று மாறியிருக்கும். அவருக்குத் துணை நின்றவர்கள் நிற்கத் தயங்கியிருப்பார்கள். இழிசொல்லுக்கு ஆளான பிள்ளை செய்ய வேண்டியது, முதலில் அதைத் திரையில் படம் பிடித்து வைத்துக்கொள்வது. எழுதியவரின் கணக்குப் பெயரும் நாளும் நேரமும் அதில் தெரிய வேண்டும். பின்னர் அந்தச் செயலியிலேயே புகார் செய்து, அக்கணக்கைத் தடுத்துவிட வேண்டும். பயிற்றுநரிடமோ ஆசிரியரிடமோ அன்றே காட்ட வேண்டும். பதில் எழுதுவதை மட்டும் ஒத்திவைக்க வேண்டும். பாடுபட்டு ஆடித் தோற்ற பிள்ளைக்கு இது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆகவே, தோற்ற ஆட்டத்தின் மறுநாள் காலை வரை கைத்தொலைபேசியை அப்பாவிடமோ பயிற்றுநரிடமோ ஒப்படைத்துவிடுவது என்ற பழக்கத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நன்று. தோற்ற பின்பு கேட்டால் தரமாட்டார்கள்.

சொல் கொல்லும் என்பது வெறும் பேச்சன்று. 2024 ஜூலையில், டிக்டாக்கில் ஏஷா என்ற பெயரால் அறியப்பட்டிருந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர், தொடர்ந்து வந்த இணையத் துன்புறுத்தலுக்கு ஆளான நிலையில் உயிர் நீத்தார். அவ்விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு அன்றிருந்த சட்டப்படி விதிக்க முடிந்த அபராதம் 100 ரிங்கிட் மட்டுமே என்று தெரிந்தபோது நாடே கொதித்தது. அதன் பின்னரே பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவின் கீழ், இணையத்தில் ஆபாசமாகவோ அச்சுறுத்தும் வகையிலோ எழுதித் துன்புறுத்துவோருக்கு முன்பு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் 2025 பிப்ரவரியில் 500,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. சிறைத்தண்டனையின் உச்சமும் ஓராண்டிலிருந்து ஈராண்டாயிற்று. இச்சட்டங்கள் நம் பிள்ளைகளைக் காப்பவை; நம் பிள்ளைகளே பிறரைத் துன்புறுத்தினால் அவர்கள் மீதும் பாய்பவை. மனம் உடைந்த பிள்ளை பேச விரும்பினால் 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம் என்பதைத் தாய்மார்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் சொல்லத் தயங்குவதைப் பிள்ளைகள் அங்கே சொல்லக்கூடும்.

இங்கே பெற்றோரைப் பற்றியும் ஒரு சொல் கூறாமல் இருக்க இயலவில்லை. தீபாவளிக் கிண்ணக் காற்பந்தாட்டத்தில் இரு தோட்டங்களுக்குள் கைகலப்பு நேர்ந்தால், அதைப் படம் எடுத்துப் புலனத்தில் அனுப்புவோர் பெரும்பாலும் இளைஞர்கள் அல்லர். நாற்பதும் ஐம்பதும் கடந்த பெரியவர்களே. படத்தில் ஓரமாக நின்று விலக்கிவிட்ட பிள்ளையும் அடித்தவனாகவே ஊர்ப் பார்வைக்குத் தெரிவான். அப்படத்தை அனுப்பியவருக்கு அது பொழுதுபோக்கு. பிள்ளைக்கு அவ்வளவில் முடிவதில்லை.

பெயர் அறியாத நண்பர்

விளையாட்டில் பெயர் வரத் தொடங்கியதும் புதிய நண்பர்கள் முளைப்பார்கள். ‘நான் ஒரு கழகத்தின் முகவர்’, ‘வெளிநாட்டுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு இடம் வாங்கித் தருகிறேன்’, ‘முன்பணம் மட்டும் செலுத்துங்கள்’ என்று செய்தி வரும். உண்மையான கல்லூரி எதுவும் முன்பின் அறியாத தனிமனிதரின் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்லாது. அவ்வாறு கேட்டால், அந்தக் கல்லூரியின் அலுவலகத்தையே தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிட வேண்டும். செய்தியில் தரப்பட்ட எண்ணை அழைப்பதில் பயனில்லை.

இதனினும் கொடியது, பயிற்றுநர் போலவும் புகைப்படக்காரர் போலவும் பேசி, இளம்பிள்ளைகளிடம் படங்கள் கேட்பது. உடற்கட்டைப் பார்க்க வேண்டும், சீருடை அளவு வேண்டும் என்று தொடங்குவார்கள். ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்பதில் முடிப்பார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் தீய எண்ணத்தோடு இவ்வாறு பேச்சு வளர்ப்பதே 2017-ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டப்படி குற்றமாகும். தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது. மகளை மட்டும் எச்சரித்துவிட்டு மகனை விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே உள்ளது, அது தகாது.

பணமும் படமும் மட்டுமன்றிச் செய்தியும் திருடப்படும். ‘முழங்காலில் வலி, நாளை ஆடுவேனோ தெரியவில்லை’ என்று ஒரு மாணவன் எழுதும் வரி, அவனுக்கு ஆறுதல் தேடும் வரி. பந்தயம் கட்டுவோருக்கோ அது விலைபோகும் சரக்கு. காயம், அணிப் பட்டியல், பயிற்றுநர் வகுத்த திட்டம் ஆகியவை ஆட்டம் முடியும்வரை அணிக்குள்ளேயே இருக்க வேண்டியவை. தனியாகப் பயிற்சி ஓட்டம் ஓடும் பெண்பிள்ளைகள் தாம் ஓடும் நேரத்தையும் பாதையையும் அன்றாடம் வெளியிடுவதும் அறிவுடைமை ஆகாது. ஓடி முடித்து வீடு திரும்பிய பின் வெளியிட்டால் போதும்.

நன்மையும் உண்டு

இவ்வளவும் படித்த தந்தை ஒருவர், ‘அப்படியானால் அந்தச் சனியனைப் பிடுங்கி வைத்துவிடுகிறேன்’ என்று எழுந்துவிடக் கூடாது. பிடுங்கிவைப்பதால் கெடுவது அதிகம். கல்லூரி அறிவிப்புகளும் பயிற்சி நேர மாற்றங்களும் இன்று புலனத்தின் வழியாகத்தான் வருகின்றன. தோட்டத்துத் திடலில் ஓடும் பிள்ளையைத் தலைநகரத்துப் பயிற்றுநர் பார்ப்பதற்குப் பழைய நாளில் வழியே இல்லை. இன்று இரண்டு நிமிடக் காணொளி ஒன்றில் காட்டலாம். போட்டியின் பெயர், நாள், ஓடிய நேரம், தாண்டிய தூரம் ஆகியவற்றைப் படத்தின் கீழ்த் தெளிவாக எழுதி ஒழுங்காகச் சேர்த்து வைத்த கணக்கு, மாணவனின் திறன் ஏடாகவே பயன்படும். பெயரும் மரியாதைக்குரியதாக இருக்கட்டும். பதினான்கு வயதில் வேடிக்கையாக வைத்துக்கொண்ட கணக்குப் பெயர், பதினெட்டு வயதில் விண்ணப்பத்தோடு அனுப்புவதற்கு ஏற்றதாக இராது.

சுவர்ப்பந்து வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 2022 ஜூனில் கார் விபத்தில் படுகாயமுற்று, மீண்டு வந்து, 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கமும், 2024-இல் லண்டன் கிளாசிக் பட்டமும் வென்றார். இத்தகைய வீரர்களின் பக்கங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம். எதை வெளியிடுகிறார்கள், தோல்வியடைந்த நாளில் என்ன எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடமாகும். அறிவுரை சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளையும் இதற்கு இணங்கும்.

புறப்படுவதற்கு முன்

கல்லூரிக்குப் புறப்படும் முன், வேலையில்லாத ஒரு நாளில், தாயோ தந்தையோ பிள்ளையோடு அமர்ந்து அந்தக் கணக்குகளைத் தொடக்கத்திலிருந்து பார்த்து வருதல் வேண்டும். பெற்றோருக்குக் கைத்தொலைபேசியின் நுட்பம் தெரியாதிருப்பது குறையன்று. திரையைத் தள்ளுவது பிள்ளையின் வேலை. ‘இதைத் தேர்வாளர் பார்த்தால் என்ன நினைப்பார்?’ என்று கேட்பது பெற்றோரின் வேலை. விசாரணை போல் நடத்தினால் மறைப்பார்கள். உதவி போல் நடத்தினால் தாமே அழிப்பார்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே கல்லூரியில் பயின்றிருந்தால் அவர்களிடமே இப்பொறுப்பை விடுவது இன்னும் நல்லது.

தம் பெயரைத் தேடுபொறியில் இட்டு என்ன வருகிறது என்று பார்க்கட்டும். பிறர் தம் பெயரை இணைத்து வெளியிட்ட படங்களிலிருந்து பெயரை நீக்கட்டும். ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லும், இரண்டு படிச் சரிபார்ப்பும் அமைக்கட்டும். கணக்கைத் திருடியவன் எழுதும் ஏச்சுக்கும் பெயர் கெடுவது உரியவருக்கே. கல்லூரியில் சேர்ந்ததும் அணியின் விதிகளையும் மாணவர் ஒழுங்கு விதிகளையும் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். அணிச் சட்டையோடு எதை வெளியிடலாம், எந்த வணிகப் பொருளை விளம்பரம் செய்யலாகாது என்பன இடத்துக்கு இடம் மாறும்.

வங்கிக் கணக்கையும் பண அட்டையையும் ‘ஒரு வாரத்திற்கு மட்டும்’ என்று கேட்கும் நண்பனுக்குக் கொடுக்கலாகாது. சில நூறு ரிங்கிட்டுக்கு ஆசைப்பட்டுக் கணக்கை வாடகைக்கு விடும் மாணவன், மோசடிக்காரரின் பணம் அதன் வழியே சென்றதும் காவல்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவனாகிறான்.

கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் வந்ததும் அதைப் படம் எடுத்து உலகிற்கெல்லாம் காட்ட வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே. எத்தனை ஆண்டு உழைப்பு! ஆனால் அக்கடிதத்தில் பிள்ளையின் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, சில வேளைகளில் கோடுகளால் ஆன குறியீடும் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைக் கொண்டு மோசடிக்காரர்கள் கல்லூரி அலுவலர் போலவும் கல்விக் கடன் அலுவலர் போலவும் பேசிப் பணம் பறிக்க முயல்வார்கள். எண்ணும் முகவரியும் தெரியாதபடி கடிதத்தை மடித்துப் பிடித்துப் படம் எடுக்கலாம்; அல்லது கடிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, பிள்ளையை அந்தப் பழைய திடலில் நிறுத்தி எடுக்கலாம். அதையும் மீறி யாரேனும் ஏமாற்றிப் பணத்தைப் பெற்றுவிட்டால், வெட்கப்பட்டு ஓர் இரவைக் கடத்தாமல் உடனே வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண்ணையோ அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குக்குக் கைமாறுவதற்குள் அழைத்தால்தான் அதைத் தடுத்து நிறுத்த வழியிருக்கும்.